இரு நடைப்பயணங்களும் பத்திரிகைகளும்

திருச்சிராப்பள்ளி நகரிலிருந்து எட்டாண்டு இடைவெளியில் இரண்டு நடைப்பயணங்கள் புறப்பட்டன. முதலாவது, 1930ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 13ஆம் நாள், கன்டோன்மெண்ட் பகுதியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் அவர்களின் இல்லத்திலிருந்து வேதாரணியம் நோக்கிச் சென்ற உப்புச் சத்தியாக்கிரகப் படை. அதனைத் தலைமை தாங்கி நடத்தியவர் இராஜாஜி. இரண்டாவது, 1938ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாள், உறையூரிலிருந்து சென்னை நோக்கிச் சென்ற இந்தி எதிர்ப்புத் தமிழர் படை. அந்தப் படை யாரை எதிர்த்துப் புறப்பட்டது? சென்னை மாகாண அரசின் தலைமைப் பதவியில் அப்போது வீற்றிருந்த அதே இராஜாஜியை எதிர்த்து. முதற் பயணத்திற்குத் தம் வீட்டு வாயிலைத் திறந்துவிட்ட டாக்டர் ராஜன், இரண்டாம் பயணத்தின்போது அந்த அமைச்சரவையில் ஓர் அமைச்சர்.

இவ்விரு பயணங்களிலும் ஏறத்தாழ நூறு நூறு பேரே நடந்தனர். நடந்தவர் நூற்றுவர்; ஆனால் அவர்களைப் பற்றிப் பேசியவர் இலட்சக்கணக்கானோர். நூறு பேரின் காலடி ஒரு மாகாணம் முழுவதும் ஒலிக்கும்படி செய்தது எது? பத்திரிகை என்பதே விடை. பத்திரிகை அரசியலில் என்ன செய்தது, எதனைச் செய்யத் தவறியது என்பதை இவ்விரு பயணங்களையும் நடுவில் வைத்து ஆராய்வோமாக. அதற்கு முன்னர், நம் நாட்டில் பத்திரிகைக்கு அந்த வலிமை எவ்வாறு வந்தது என்பதைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று காணுதல் வேண்டும்.

1878ஆம் ஆண்டில் தஞ்சைப் பகுதியில் பிறந்த டி. முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதியாக அமர்த்தப்பட்டார். இந்தியர் ஒருவர் அவ்விருக்கையில் அமர்வதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் கடுமையாகத் தாக்கின. அத்தாக்குதலுக்கு மறுமொழி கூற இந்தியருக்கு ஒரு பத்திரிகை இல்லை. இக்குறையை உணர்ந்த இளைஞர் அறுவர் ஒன்று கூடினர். அவர்களுள் இருவர் ஆசிரியத் தொழிலில் இருந்தவர்கள். நால்வர் சட்டம் பயின்றவர்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 படிகள் அச்சிட்டு, 1878 செப்டம்பர் 20இல் ‘இந்து’ என்னும் வார இதழை வெளியிட்டனர். எண்பது படிகள் என்றால் ஒரு வகுப்பறை மாணவர் இருமடங்கு எண்ணிக்கை, அவ்வளவே. எனினும் அந்த எண்பதும் சேர வேண்டியவர் கையில் சேர்ந்தன. ஆள்வோருக்கு அவர்கள் மொழியிலேயே மறுமொழி கூறும் வாய் ஒன்று நாட்டிற்குக் கிடைத்தது.

அறுவருள் முதல்வரான ஜி. சுப்பிரமணிய ஐயர் அத்துடன் நிறைவு கொள்ளவில்லை. ஆங்கிலம் அறிந்த சிலருக்கு மட்டும் எழுதினால் அரசியல் சிலருடைய பொழுதுபோக்காகவே நின்றுவிடும் என்பதை அவர் உணர்ந்தார். 1882ஆம் ஆண்டில் ‘சுதேசமித்திரன்’ என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். 1885இல் பம்பாயில் கூடிய முதற் காங்கிரசு மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவரே. 1899இல் சுதேசமித்திரன் நாளிதழாயிற்று. ஆட்சியாளரை நோக்கி விண்ணப்பம் எழுதுவது முதற்படி. மக்களை நோக்கி அவர்கள் மொழியில் எழுதுவது இரண்டாம் படி. இந்த இரண்டாம் படியில் கால் வைத்த நாள்முதற்றான் பத்திரிகை அரசியலின் பேராற்றலாயிற்று எனலாம்.

சுதேசமித்திரனில் 1904ஆம் ஆண்டு துணையாசிரியராய்ச் சேர்ந்த சுப்பிரமணிய பாரதியார், 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் அந்த ஆற்றலை மேலும் கூர்மையாக்கினார். எழுத்தறியாதவரும் பார்த்துப் பொருள் கொள்ளும் வண்ணம் அரசியல் கேலிச்சித்திரங்களை வெளியிட்டார். அரசு வாளாவிருக்கவில்லை. 1908இல், இதழின் ஆசிரியர் எனப் பதிவாகியிருந்த சீனிவாசன் கைது செய்யப்பட்டு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். இதழும் அவரைத் தொடர்ந்து சென்றது. ஆங்கில அரசு அவ்விதழ் தன் எல்லைக்குள் நுழைவதைத் தடுத்தது. 1910ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ‘இந்தியா’ நின்றுபோயிற்று.

அதே 1910ஆம் ஆண்டில் பத்திரிகைச் சட்டம் ஒன்று பிறந்தது. அச்சட்டத்தின் நுட்பத்தை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். அது எழுதாதே என்று நேரே சொல்லவில்லை. ஜாமீன்தொகை கட்டிவிட்டு எழுது என்றது. அச்சகம் நடத்துவோர் ஐந்நூறு முதல் இரண்டாயிரம் ரூபாய் வரை கட்ட வேண்டும். எழுதியது அரசுக்கு ஒவ்வாதாயின் அத்தொகை பறிமுதலாகும். மீண்டும் நடத்த விரும்பினால் ஆயிரம் முதல் பதினாயிரம் ரூபாய் வரை கட்ட வேண்டும். செல்வரல்லாதார் வாயைப் பணத்தாலேயே கட்டும் உபாயம் இது.

இந்த உபாயம் வென்றதா? 1916இல் அன்னி பெசன்ட் அம்மையார் நடத்திய ‘நியூ இந்தியா’ நாளிதழிடம் இரண்டாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டனர். பின்னர் அதனைப் பறிமுதல் செய்தனர். அம்மையார் பதினாயிரம் கட்டி மீண்டும் எழுதினார். 1917 ஜூன் திங்களில் அவரையே காவலில் வைத்தனர். விளைவு என்ன? நாடெங்கும் கூட்டங்கள் எழுந்தன. செப்டம்பரில் அவரை விடுதலை செய்ய நேர்ந்தது. அவ்வாண்டு இறுதியில் அவர் காங்கிரசின் தலைவரானார். அரசு ஒரு பத்திரிகையின்மேல் கைவைத்தால், அப்பத்திரிகையை அதுவரை படியாதவரும் அதனைத் தேடிப் படிக்கத் தொடங்குவர் என்பது இந்நிகழ்ச்சியால் விளங்கும்.

இக்காலத்திலேயே வேறொரு மாறுதலும் நிகழ்ந்தது. பத்திரிகைகள் கட்சிகளுக்கு உரியனவாகப் பிரிந்தன. 1916இல் தோன்றிய தென்னிந்திய நல உரிமைச் சங்கம், அடுத்த ஆண்டில் ஆங்கிலத்தில் ‘ஜஸ்டிஸ்’, தமிழில் ‘திராவிடன்’, தெலுங்கில் ‘ஆந்திரப் பிரகாசிகா’ என்னும் மூன்று பத்திரிகைகளை நடத்தியது. நாளடைவில் மக்கள் அச்சங்கத்தின் நீண்ட பெயரை மறந்து, அதன் ஆங்கிலப் பத்திரிகையின் பெயராலேயே அதனை அழைத்தனர். நீதிக்கட்சி என்று வரலாற்று நூல்களில் நாம் படிக்கும் பெயர் ஒரு செய்தித்தாளின் பெயரே. திரு. வி. கலியாணசுந்தரனார் 1917இல் ‘தேசபக்தன்’ நாளிதழையும், 1920இல் ‘நவசக்தி’ இதழையும் நடத்தினார். பெரியார் ஈ. வெ. இராமசாமி 1925 மே 2ஆம் நாள் ஈரோட்டில் ‘குடிஅரசு’ வார இதழைத் தொடங்கினார். இராஜாஜியும் 1929இல் மதுவிலக்கிற்காக ‘விமோசனம்’ என்னும் இதழை நடத்தினார். தலைவர் என்றால் ஓர் ஏட்டிற்கு ஆசிரியராகவும் இருப்பார் என்னும் நிலை உருவாயிற்று.

இவ்வாறு ஆயத்தமாகியிருந்த களத்திலேதான் 1930ஆம் ஆண்டு வேதாரணியப் பயணம் புறப்பட்டது. திருவரங்கம், திருவையாறு, தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏறத்தாழ 150 மைல் நடக்க வேண்டும். நாமக்கல் கவிஞர் இயற்றிய நடைப்பாடலைத் தொண்டர்கள் பாடிச் சென்றனர். தஞ்சை மாவட்ட ஆட்சித்தலைவர் தார்ன் என்பவர் இப்பயணத்தை ஒடுக்க ஒரு வழி கண்டார். தொண்டர்களுக்கு உணவோ உறையுளோ அளிப்பவர் ஆறு மாதம் வரை சிறை செல்வர் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பைத் தமிழ்ப் பத்திரிகைகளில் வெளியிட்டார், துண்டறிக்கைகளாக வழங்கினார், தமுக்கடித்தும் சொல்லச் செய்தார்.

இதில் ஒரு வியப்பு உண்டு. பயணம் வருகிறது என்பதை அறியாதிருந்த சிற்றூர்களுக்கும் அச்செய்தியை அரசே கொண்டு சென்றது. ஊரார் என்ன செய்தனர்? தொண்டர்கள் வரும் வழியிலுள்ள மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டனர். கொடுத்தவர் யாரென்று எவராலும் சொல்ல இயலாது. உண்டவர் பசியோ தீர்ந்தது. ஏப்ரல் 28இல் படை வேதாரணியத்தை அடைந்தது. 30ஆம் நாள் உப்பெடுத்த இராஜாஜி கைதானார். அதற்கு மூன்று நாள் முன்னதாக, 27ஆம் தேதி, வைசிராய் இர்வின் பிரபு பத்திரிகை அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்து, 1910ஆம் ஆண்டின் ஜாமீன் முறையை மீண்டும் உயிர்ப்பித்திருந்தார். உப்பிற்கும் அச்சு மைக்கும் ஒரே வாரத்தில் காவல் போடப்பட்டது. காந்தியடிகள், ஜாமீன் கட்ட வேண்டா, இதழை நிறுத்தினும் நிறுத்துக என்று பத்திரிகையாளருக்கு அறிவுரை கூறினார்.

செய்தி எவ்வாறு பரவியது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே. திருச்சிக்குத் தென்மேற்கே மதுரைச் சாலையை ஒட்டிய எங்கள் மருங்காபுரி வட்டாரம் போன்ற ஜமீன் பகுதிகளில் அவ்வளவும் இரா. மழையை நம்பிய மானாவாரி நிலம். ஒருவர் தாமே காசு கொடுத்து நாளிதழ் வாங்குவது அரிது. ஆயினும் செய்தி எட்டாமற் போகவில்லை. எழுத்தறிந்த ஒருவர் திண்ணையிலோ சாவடியிலோ அமர்ந்து உரக்கப் படிப்பார். சூழ இருப்போர் கேட்பர். கேட்டவர் சந்தையில் பேசுவர். ஒரு படி பத்திரிகை ஓர் ஊருக்குப் போதும். ஆதலால் அச்சிட்ட படிகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு பத்திரிகையின் செல்வாக்கை அளத்தல் பொருந்தாது. அதைக் கேட்டு, மறுத்து, கலந்து பேசும் கூட்டமே அதன் உண்மையான அளவுகோல்.

இனி இரண்டாம் பயணத்திற்கு வருவோம். 1937இல் பதவியேற்ற இராஜாஜி அமைச்சரவை, 1938 ஏப்ரல் 21ஆம் நாள் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயப் பாடமாக்கி ஆணை பிறப்பித்தது. எதிர்ப்பு எழுந்தது. பட்டுக்கோட்டை அழகிரிசாமி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் முதலியோர் முன்னின்று நடத்திய தமிழர் படை, உறையூரிலிருந்து புறப்பட்டு 42 நாட்கள் நடந்தது. வழியில் 234 சிற்றூர்களையும் 60 நகரங்களையும் கடந்து, செப்டம்பர் 11ஆம் நாள் சென்னையை அடைந்தது. போராட்டம் முழுவதிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை சென்றனர். அவர்களுள் பெண்களும், தாயுடன் சென்ற குழந்தைகளும் இருந்தனர். சிறைப்பட்ட நடராசன் 1939 ஜனவரியிலும், தாளமுத்து அவ்வாண்டு மார்ச்சிலும் உயிர் நீத்தனர். அமைச்சரவை 1939 அக்டோபரில் பதவி விலகியபின், 1940 பிப்ரவரி 21இல் கட்டாய ஆணை திரும்பப் பெறப்பட்டது.

இப்பயணத்தின் செய்தியை ஊர்தோறும் கொண்டு சென்றவை ‘விடுதலை’யும் ‘குடிஅரசு’ம் அவற்றின் கொள்கையைச் சார்ந்த பிற இதழ்களுமே. திருச்சியிலிருந்து மணவை திருமலைசாமி நடத்திய ‘நகர தூதன்’ வார இதழும் அந்த அணியைச் சார்ந்ததே. தேசிய இயக்கத்தைச் சார்ந்த பத்திரிகைகளோ காங்கிரசு ஆட்சியின் பக்கம் நின்றன. எட்டாண்டுகளுக்கு முன்னர் ஒரு பயணத்தைப் போற்றிய ஏடுகள், இப்பொழுது மற்றொரு பயணத்தை ஐயத்தோடு நோக்கின. முன்னதை ஐயத்தோடு நோக்கியவை, பின்னதைப் போற்றின.

மாணவர்களே, இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். ஒரே நகரம், ஒரே சாலை, வெயிலில் நடந்தவர் இருவகையினரும் தமிழரே. ஓர் அணியின் பத்திரிகையை மட்டும் படித்தவருக்கு ஒரு பயணம் தியாகமாகவும் மற்றது கலகமாகவும் தோன்றியது. மற்றோர் அணியின் பத்திரிகையை மட்டும் படித்தவருக்கு இது தலைகீழாயிற்று. இதற்கு எந்தச் சட்டமும் காரணமன்று. எந்த ஆட்சித்தலைவரும் தமுக்கடிக்கவில்லை. தம் கட்சி ஏட்டைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று வாசகர் தாமே செய்துகொண்ட முடிவே காரணம். அரசு இடும் பூட்டு வெளியே தெரியும்; அதை உடைக்கவும் ஆள் வருவர். வாசகர் தம் கண்ணுக்குத் தாமே இட்டுக்கொள்ளும் பூட்டு வெளியே தெரிவதில்லை. அதனை உடைக்கவும் வேறொருவரால் இயலாது.

காலம் இதற்கு ஒரு விளக்கவுரை எழுதியது. 1938இல் இந்தியைக் கட்டாயமாக்கிய இராஜாஜி, பிற்காலத்தில் இந்தி மட்டுமே ஆட்சிமொழியாவதை உறுதியாக எதிர்த்தார். ‘சுவராஜ்யா’ இதழில் இடைவிடாது எழுதினார். 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் அவருடைய சுதந்திராக் கட்சி, திராவிட முன்னேற்றக் கழகத்தோடு உடன்பாடு கொண்டது. அத்தேர்தலில் வென்று முதலமைச்சரான அண்ணாதுரை, இந்தி எதிர்ப்பிற்காக 1938இல் சிறை சென்றவர். 1942முதல் ‘திராவிட நாடு’ இதழை நடத்திய பத்திரிகையாளர். எதிர் வரிசையில் இருந்தோரின் எழுத்தையும் தொடர்ந்து படித்து வந்தவருக்கு இந்த மாறுதலின் காரணங்கள் புலப்பட்டிருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் படித்தவர் திகைத்தனர்.

அரசின் பூட்டு அத்துடன் மறைந்துவிட்டது என்று கருதவும் கூடாது. அது அந்நிய ஆட்சிக்கு மட்டும் உரியதன்று. 1975 ஜூன் 25ஆம் நாள் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, பத்திரிகைகளுக்கு முன்தணிக்கை வந்தது. ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ ஜூன் 28இல் தலையங்கப் பகுதியை வெற்றிடமாக விட்டு வெளியிட்டது. எழுதாத அந்த இடம் எழுதிய தலையங்கத்தினும் உரக்கப் பேசிற்று. 1976 ஜனவரி 31இல் தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்டு, ஏராளமானோர் சிறைப்பட்டனர். அவர்கள் பெயர்களை வெளியிடத் தணிக்கை இடங்கொடாது. பிப்ரவரி 3ஆம் நாள் அண்ணாவின் நினைவுநாள். அன்று ‘முரசொலி’, அண்ணா நினைவிடத்திற்கு மலர் வைக்க வர இயலாதோர் என ஒரு பட்டியலை வெளியிட்டது. படித்தவர் உடனே புரிந்துகொண்டனர். எழுதுவோரின் கூர்மை ஒரு பங்கு. படிப்போரின் கூர்மை மற்றொரு பங்கு. இரண்டும் சேர்ந்தபோது தணிக்கை தோற்றது.

வானொலியைப் பற்றியும் ஒரு சொல் கூறாவிடில் இப்பேச்சு நேர்மையாகாது. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16ஆம் நாள் தொடங்கியது. எழுத்தறியாதவர் வீட்டிற்கும் செய்தியைக் கொண்டு சென்ற பெருமை அதற்கு உண்டு. ஆயினும் அது அரசின் கையிலிருந்த கருவி; அவசரநிலைக் காலத்தில் அரசு சொன்னதையே சொல்லிற்று. பின்னர் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1997இல் பிரசார் பாரதி என்னும் கழகம் அமைந்து, வானொலியும் தொலைக்காட்சியும் அதன் பொறுப்பில் வந்தன. கருவி எதுவாயினும், அதை யார் நடத்துகிறார், அதன் செலவை யார் தாங்குகிறார் என்று கேட்கும் வழக்கம் கேட்பவருக்கு வேண்டும்.

இன்று செய்தி கைப்பேசியில் வருகிறது. ஜாமீன்தொகை இல்லை, அச்சகம் வேண்டா, புதுச்சேரிக்குப் போகவும் வேண்டா. ஆனால் நாம் விரும்பிப் பார்த்ததையே மேன்மேலும் நம் முன் கொண்டு வந்து வைக்கும் இயல்பு அக்கருவிக்கு உண்டு. 1938இல் வாசகர் தாமே முயன்று இட்டுக்கொண்ட பூட்டை, இன்று கருவி நம்மைக் கேளாமலே இட்டுவிடுகிறது. திண்ணையில் பத்திரிகை படித்த காலத்தில் மறுத்துப் பேச அருகே ஒருவராவது இருந்தார். தனியே குனிந்து படிப்பவருக்கு அத்துணை இல்லை.

தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் மேல்வகுப்பு மாணவர்க்கு ஒரு பயிற்சி கொடுப்பேன். ஒரே நாளில் வந்த இரண்டு நாளிதழ்களில் ஒரே செய்தியைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டிலும் பொதுவாக உள்ளவற்றை ஒரு பக்கம் எழுத வேண்டும். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாதவற்றை எதிர்ப்பக்கம் எழுத வேண்டும். தொடக்கத்தில் சலித்துக்கொள்வார்கள். சில வாரங்களில், பெரிய எழுத்தில் உள்ள தலைப்பைவிட விடுபட்ட வரியையே முதலில் தேடக் கற்றுக்கொள்வார்கள். இப்பயிற்சிக்குப் பொருட்செலவு இல்லை. ஊர் நூலகமே போதும்.

வரும் ஆண்டுகளில் நீங்கள் வாக்களிக்கப் போகின்றீர்கள். திருச்சியிலிருந்து நாளை மூன்றாவது பயணம் ஒன்று புறப்படலாம். அது உங்கள் மனத்திற்கு உகந்ததாகவும் இருக்கலாம், ஒவ்வாததாகவும் இருக்கலாம். அதைப் போற்றும் ஏட்டை ஒருமுறையும், அதைப் பழிக்கும் ஏட்டை ஒருமுறையும் படியுங்கள். பின்னர் உங்களுடன் மாறுபடும் ஒருவரோடு அமர்ந்து அதைப் பற்றிப் பேசுங்கள். எண்பது படிகள் அச்சிட்ட அந்த அறுவர் நமக்கு ஈட்டித் தந்தது எழுதும் உரிமை. அதற்கு ஈடாக நாம் செலுத்த வேண்டிய கடன், இரு பக்கமும் படிக்கும் பொறுமையே ஆகும்.